வீட்டு மரத்தின் வேலை நிழல்: கார்பன் கணக்கும் கரன்ட் பில்லும்

ஜூன் 5 வந்துவிட்டால் பள்ளிக்கூடம், வங்கி, குடியிருப்போர் நலச்சங்கம் என்று எங்கு பார்த்தாலும் மரக்கன்று நடுவிழா. உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அந்தத் தேதி. ஆனால் தமிழ்நாட்டின் கிழக்குப் பாதிக்கு அதைவிடப் பொருந்தாத தேதி இல்லை. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் மண் நனைய மழை பெய்வது ஐப்பசியில். அதுவரை நான்கு மாதம் யாராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினால் கன்று பிழைக்கும். இல்லாவிட்டால் ஆவணிக்குள் உபயதாரர் பெயர் எழுதிய கம்பிக் கூண்டு மட்டும்தான் மிச்சம். தென்காசி, கன்னியாகுமரி, கோவையின் மேற்கு ஓரம் என்று தென்மேற்குப் பருவக்காற்று மழை கொண்டுவரும் இடங்களுக்கு ஜூன் சரி. மற்றவர்கள் புரட்டாசிக் கடைசி வரை பொறுத்திருப்பது நல்லது.

தேதியைக்கூட மாற்றிக்கொள்ளலாம். அந்த விழாக்களில் சொல்லப்படும் கணக்குதான் சிக்கல். ஆளுக்கு ஒரு மரம் நட்டால் நாம் வெளியிடும் கரியமில வாயு அதில் கழிந்துவிடும் என்கிறார்கள். கழியாது. எவ்வளவு கழியாது என்று ஒருமுறை போட்டுப் பார்த்தால், மரத்தை எதற்காக நடவேண்டும், எங்கே நடவேண்டும் என்பதே மாறிவிடும்.

ஒரு வீட்டின் கணக்கு

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டில் சொந்த வீடு, நான்கு பேர், படுக்கையறையில் ஒரு ஏசி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். ஏசி ஓடாத காலத்தில் 270 யூனிட் சொச்சம், பங்குனி முதல் ஆனி வரையிலான இரண்டு ரீடிங்கில் 670 யூனிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்தியாக சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இந்த அளவைச் சுற்றித்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆடிக் காற்றில் அவை ஓடுகிற ஓட்டம் வேறு, சித்திரை மாத இரவு பத்து மணிக்கு உங்கள் ஏசிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது வேறு. அந்த நேரத்தில் பெரும்பாலும் நிலக்கரிதான். ஆக மின்சாரத்தில் மட்டும் சுமார் 1,700 கிலோ.

சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு. 14.2 கிலோ சிலிண்டருக்கு 42 கிலோ ஆயிற்று. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் 340 கிலோ. ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல் என்றால், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் ஆண்டுக்கு 400 கிலோவைத் தாண்டும். சாப்பாடு, துணிமணி, ரயில், விமானம் எதையும் சேர்க்காமலேயே 2.4 டன் வந்துவிட்டது.

இனி மரத்தின் பக்கம். நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு மரம் ஆண்டுக்கு சுமார் 20 கிலோ கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. மரத்தின் இனம், மண், தண்ணீர், வயது எல்லாவற்றையும் பொறுத்துக் கூடும், குறையும். 20 என்றே எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன வீட்டுக்கு 120 வளர்ந்த மரங்கள் வேண்டும். அரை கிரவுண்டில் வீடு போக மிஞ்சும் இடத்தில் ஒரு மரம், நெருக்கினால் இரண்டு.

கன்று நட்ட முதல் சில ஆண்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. காய்ந்த கட்டையின் எடையில் பாதிதான் கார்பன், ஒரு கிலோ கார்பன் காற்றோடு சேர்ந்தால் 3.67 கிலோ கரியமில வாயு. இதைத் திருப்பிப் போட்டால், ஒரு மரம் 20 கிலோ கரியமில வாயுவை உறிஞ்ச வேண்டுமானால் அந்த ஆண்டில் அது புதிதாக 11 கிலோ உலர்ந்த கட்டையை உண்டாக்கியிருக்க வேண்டும். விரல் தடிமனில் கழியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் கன்றை முழுவதும் பிடுங்கி உலர்த்தினாலும் ஒரு கிலோ தேறாது.

உறிஞ்சியதும் நிரந்தரமில்லை. கட்டை கட்டையாக இருக்கும்வரைதான் கார்பன் உள்ளே இருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாவின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. அப்படி விழுந்த மரம் விறகாக எரிந்தாலும் கிடந்து மக்கினாலும் பல வருடச் சேமிப்பு மறுபடி காற்றுக்கே போகும். பூவரசோ வேம்போ கட்டிலாகவும் கதவாகவும் மாறினால் அந்த அளவுக்கு மிச்சம்.

அப்படியானால் மரம் நட்டு கார்பனைப் பிடிக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்கு நிலம் வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் 23.7 சதவீதக் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. அந்த மரங்கள் நிற்கப்போவது வரப்பிலும் தரிசிலும் வன ஓரத்திலும். ஊரில் இரண்டு ஏக்கர் புஞ்சை வைத்துக்கொண்டு நகரத்தில் ஃபிளாட்டில் குடியிருக்கிறவர்கள் கார்பனுக்காக மரம் நட விரும்பினால், பால்கனியை விட்டுவிட்டு அந்த வரப்பைப் போய்ப் பார்க்கலாம்.

நிழல் செய்கிற வேலை

வீட்டையொட்டி நிற்கும் அந்த ஒற்றை மரம் சம்பாதிப்பது வேறு வழியில். மேலே சொன்ன 2,400 யூனிட்டில் ஏசியின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றரை டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் 7 யூனிட். 120 இரவுக்கு 840 யூனிட், அதாவது கிட்டத்தட்ட 590 கிலோ கரியமில வாயு. நிழலாலும் கூரையைச் சரிசெய்வதாலும் இதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 195 கிலோ மிச்சம். பத்து மரங்கள் ஒரு வருடம் முழுக்க உறிஞ்சுவதற்குச் சமம் அது. ஒரு மரத்தைச் சரியான இடத்தில் நட்டு, கூரைக்கும் ஒரு வழி செய்தால் அந்த வேலை நடக்கும். கூடவே, இருமாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் கட்டண முறையில் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும் என்பதால், கோடை பில்லில் குறைகிற ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்த யூனிட்.

ஏன் இரவில் ஏசி தேவைப்படுகிறது? வெளியே காற்று ஓரளவு குளிர்ந்திருக்கும், தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இதமாக இருக்கும், உள்ளே போனால் அவியும். ஐந்து அங்குல கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அது உள்பக்கம் வந்து சேர பல மணி நேரம் ஆகும். மதியம் தளத்தில் விழுந்த சூடு சாயங்காலம் தொடங்கி இரவு ஒன்பது, பத்து மணி வரை கூரையிலிருந்து கட்டில்மேல் இறங்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதே நேரம் மேற்குச் சுவரையும் தொட்டுப் பார்த்து, அதற்கு நேர் எதிரே இருக்கிற உள்சுவரையும் தொட்டுப் பாருங்கள். எந்தச் சுவருக்கு மரம் வேண்டும் என்பதைக் கையே சொல்லிவிடும்.

எந்தத் திசையில் மரம் வைப்பது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பா, அமெரிக்காவுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் தெற்குப் பக்கம் இலையுதிர் மரம் வைக்கச் சொல்லும். அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் போகும். நம் ஊர் வேறு. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அதிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். மதுரைக்கு இது இன்னும் சில நாள் முன்னதாகவே தொடங்கும். கத்திரி வெயிலில் தெற்குச் சுவர்மேல் வெயிலே படுவதில்லை. அங்கே மரம் வைத்தால் மார்கழியில்தான் நிழல் கிடைக்கும், அப்போது அது யாருக்கு வேண்டும்?

சுட்டுப் பொசுக்குவது மேற்கு. மூன்று மணிக்குமேல் வெயில் தாழ்வாக, நேராகச் சுவரிலும் சன்னலிலும் அடிக்கும். சன்ஷேட் உச்சி வெயிலைத்தான் தடுக்கும், இந்தச் சாய்வெயிலை ஒன்றும் செய்யாது. இதைத் தடுக்க மரம்தான் சரியான ஆள். கிழக்கிலும் காலை வெயில் உண்டு, ஆனால் சுவர் இரவெல்லாம் ஆறியிருப்பதால் தாங்கிக்கொள்ளும். தவிர, சென்னை மாதிரிக் கடற்கரை ஊர்களில் மதிய வாக்கில் கடற்காற்று வருவது கிழக்கிலிருந்து. அந்தப் பக்கம் அடர்த்தியாக மரம் வைத்தால் காற்றையும் சேர்த்து மறித்துவிடும். கோயம்புத்தூரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால் அங்கே உயரமான தண்டும் மேலே குடையுமாக உள்ள மரம் வைத்து, கீழே காற்றுக்கு வழி விடவேண்டும். பெரிய மரங்களைத் தெற்கிலும் மேற்கிலும் வை, வடகிழக்கைத் திறந்து விடு என்றுதான் வாஸ்துக்காரர்களும் சொல்கிறார்கள். மேற்கு விஷயத்தில் மட்டும் அவர்களோடு சண்டை வேண்டாம்.

மரம் இலை வழியாக நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கடற்கரையில் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் அதன் பலன் சேலம், திருச்சியில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. கடலோரத்தில் நிழலை நம்புங்கள்.

எந்த மரம்? என்னைக் கேட்டால் முதலில் புங்கன். மாசி, பங்குனியில் இலை உதிர்த்து, வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று புதுத் தளிரோடு குடை விரித்து நிற்கும். தண்ணீர் அதிகம் கேட்காது, கவாத்து செய்தால் சொன்னபடி கேட்கும். உதிர்கிற பூவைக் கூட்டிப் பெருக்குவதில் வீட்டில் முணுமுணுப்பு எழும், அது வேறு கதை. வேம்பும் இதே நேரத்தில்தான் இலை மாற்றி, தமிழ்ப் புத்தாண்டுப் பச்சடிக்குப் பூ கொடுக்கும். ஆனால் பெரிதாக வளரும், சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வைக்க இடம் வேண்டும். மண்ணில் உப்பு இருக்கும் கடலோரத்துக்குப் பூவரசு. இடம் ஆறேழு அடிதான் என்றால் சீத்தா, கொய்யா, நெல்லி, பவளமல்லி. ஒற்றை மாடி வீட்டின் மேற்குச் சுவருக்கு இவையே போதும்.

முருங்கை நல்ல மரம், ஆனால் கிளை லேசாக ஒடியும், கார் நிறுத்துகிற இடத்துக்கு ஆகாது. தென்னை நிழலைத் தவிர மற்ற எல்லாம் தரும். செக்கச்செவேல் என்று பூக்கும் செம்மயிற்கொன்றை, அதாவது குல்மோகர், புயலுக்குத் தாங்காது என்பதைச் சென்னை வர்தாவில் பார்த்துவிட்டது. சீக்கிரம் வளர்கிறது என்று நடப்படும் கோனோகார்பஸைக் குஜராத் அரசு 2023-இல் தடையே செய்துவிட்டது.

இரண்டுக்கு இரண்டடி குழி, மூன்றுக்கு மூன்றானால் இன்னும் நல்லது. தோண்டிய மண்ணோடு தொழு உரம் கலந்து போட வேண்டும். கட்டட இடிபாடு போட்டு மேடாக்கிய மனைகளில் இந்தக் குழி வேலைதான் எல்லாமே. அரை செங்கல்லும் சிமென்ட் கட்டியுமாக வரும், அவ்வளவையும் அள்ளிப் போட்டுவிட்டு வேறு மண் போடாவிட்டால் கன்று மூன்று வருடம் அப்படியே நிற்கும். பிறகு மரம் வளர்ந்ததும் அடிமரம் வரை பேவர் பிளாக் பதித்துவிடுகிறோம். நான்கு பக்கமும் மூன்றடி மண்ணைத் திறந்து விட்டால்தான் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகும், புயலில் நிற்கும்.

தளம்

மரத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும், முதல் செலவை எதில் செய்வது என்று கேட்டால் கூரையில் என்றுதான் சொல்வேன். மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு வெக்கையின் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்து வருகிறது. மரம் தளத்தின்மேல் குடை பிடிக்கும் உயரத்துக்கு வளரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். தளத்தில் அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு ஒரே நாளில் காய்ந்துவிடும்.

பழைய வீடுகளில் இதற்கென்று ஒரு முறை இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் தளத்தில் தேக்கு உத்திரங்களின்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திக் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டியாக அடித்து, அதற்குமேல் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர். அந்தக் கனமும் உள்ளே இருக்கும் காற்றுப் புழையும் சூட்டை மெதுவாகத்தான் விட்டன. கான்கிரீட் வந்த பிறகும் கொஞ்ச காலம் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் போடும் வழக்கம் நீடித்தது. பிறகு வேலையாள் கிடைக்கவில்லை, நாள் பிடிக்கிறது என்று வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிட்டோம். சாம்பல் நிறச் சிமென்ட் தளத்தில் பங்குனி மதியம் வெறுங்காலோடு நடக்க முடியாது. பக்கத்திலேயே ஒரு சதுரம் வெள்ளை அடித்து அதில் நின்று பாருங்கள், நிற்க முடியும்.

வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, சாம்பல் நிறம் வாங்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம். மேல்தள அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அகமதாபாதில் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு நகராட்சியே வெள்ளை அடித்திருக்கிறது. வெறும் சுண்ணாம்பில் பசை கலந்து அடித்தால் செலவு குறைவு, ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும், வருடம் ஒருமுறை அடிக்க வேண்டும். கூலிங் பெயின்ட் சில வருடம் வரும். வெள்ளை டைல்ஸ் இன்னும் நாள் வரும், செலவும் அப்படியே. எதுவானாலும் தூசி படிந்து பழுப்பேறினால் பலன் குறையும். மாசியில் ஒரு தடவை தளத்தைத் தேய்த்துக் கழுவுவது இதில் ஒரு பகுதி. கழுவுகிறபோது நீர்க்கசிவு இருக்கும் இடமும் தெரிந்துவிடும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டி வரிசைகள் தளத்தின் சூட்டைப் பெரிதாகக் குறைக்காது, பந்தல் குறைக்கும். பீர்க்கங்காயோ கோவைக்காயோ ஏற்றிய பந்தல், அல்லது பச்சை நிழல்வலை, தளத்தில் வெயில் படாமலே செய்துவிடுகிறது. படுக்கையறைக்கு நேர் மேலே அதைப் போட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வசதியான மூலையில் போட்டுவிடுகிறோம்.

மரமும் சோலாரும்

இங்கே ஒரு மோதல் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் வரை அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல். கார்பனில் 3 டன் பக்கம், நம் மரக் கணக்கில் 150 மரம். மேலே போட்ட வீட்டின் மொத்தக் கணக்கையும் தாண்டிவிடுகிறது! தளத்தில் நிழல் விழாத 300 சதுர அடி இருந்தால் மரத்தைவிடச் சோலார்தான் கார்பனுக்குப் பெரிய மருந்து, இதை மழுப்பத் தேவையில்லை.

அதே தளத்தில் வேம்பின் கிளை நிழல் விழுந்தால் பேனல் படுத்துவிடும். பேனல்களை வரிசையாக ஒன்றோடொன்று இணைத்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இழுத்துக் கீழே விடலாம். அதனால் பேனல் மாட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், இந்த மரத்தை எடுத்துடலாமா?" என்பதைத்தான். வேண்டியதில்லை. பேனலுக்கு முக்கியமான நேரம் காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரை. மேற்கு மரம் தொல்லை தருவது அதற்குப் பிறகு. மரத்தின் தலையைக் கைப்பிடிச் சுவர் மட்டத்தில் கவாத்து செய்து வைத்தால் சுவருக்கு நிழலும் கிடைக்கும், பேனலுக்கு வெயிலும் கிடைக்கும். பேனலே தளத்துக்கு நிழல் தருவதால் அதன் கீழ் இருக்கும் அறை குளிர்வது கூடுதல் லாபம். படுக்கையறை மேல் பேனல், மீதி இடத்துக்குச் சுண்ணாம்பு, மேற்கில் கவாத்து செய்த புங்கன் என்று அமைந்துவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு பெரிய வேலை இல்லை.

யாரும் பேசாத ஓட்டை

வீட்டுக் கார்பன் பற்றிய பேச்சில் வராத ஒன்று ஏசிக்குள் இருக்கும் வாயு. ஆர்-410ஏ என்ற வாயு காற்றில் கலந்தால் அதே எடைக் கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். பழைய ஏசிகளின் ஆர்-22 சுமார் 1,800 மடங்கு. இப்போது பரவலாக வரும் ஆர்-32 சுமார் 675 மடங்கு. ஆர்-290 என்பது புரொப்பேன், அதன் பாதிப்பு மிகக் குறைவு. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் ஏறக்குறைய ஒரு கிலோ வாயு இருக்கும். அது ஆர்-410ஏ ஆக இருந்து முழுவதும் ஒழுகிப் போனால் 2 டன். ஒரு வருடக் குடும்பக் கணக்கு ஒரே கசிவில் போயிற்று.

"கேஸ் போயிடுச்சு சார், ஃபில் பண்ணணும்" என்று வருடா வருடம் சொல்கிறார்கள், நாமும் பணத்தைக் கொடுத்து நிரப்பிக்கொள்கிறோம். ஏசி வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை, மூடிய குழாயில் சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். பெரும்பாலும் வெளியே இருக்கும் யூனிட்டில் செம்புக் குழாய் சேரும் நட்டில் இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி விடும். அதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல்ல வேண்டும். வீடு மாற்றும்போது இன்னொரு தவறு நடக்கிறது. வாயு முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் குழாயைக் கழற்ற வேண்டும், பம்ப் டவுன் என்பார்கள். அவசரத்தில் நட்டைத் திருகி ஸ்ஸ்ஸென்று காற்றில் விட்டுவிடுகிற ஆட்களும் உண்டு. ஏசி கழற்ற ஆள் வந்தால் பக்கத்தில் நின்று "பம்ப் டவுன் பண்ணுங்க தம்பி" என்று சொல்வது, பல வருடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைவிட அதிகப் பலன் தரும்.

ஃபேனும் இப்படித்தான், கண்ணில் படாத கணக்கு. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமாருக்கு. நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேன் ஒன்றை மாற்றினால் ஆண்டுக்கு 240 யூனிட்டுக்கு மேல் மிச்சம், கார்பனில் 170 கிலோ. எட்டு மரம். ஏசியை 24-க்குப் பதில் 26-இல் வைத்து அந்த ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். ஒரு டிகிரிக்கு 6 சதவீதம் என்பது எரிசக்தி சிக்கன அமைப்பின் கணக்கு.

உள்ளே வைக்கும் மணிபிளான்ட், பாம்புச்செடி எல்லாம் அழகுக்கு. நாசா சொன்னது என்று சுற்றிவரும் செய்தி 1989-இல் மூடிய அறைக்குள் சில வேதிப்பொருள்களை வைத்துச் செய்த சோதனை, கார்பன் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமையலறைக் கழிவை மக்கவைப்பது அப்படியல்ல. அது பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ குப்பை மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் ஆகும், நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்குக்கு மேல். வீட்டில் மக்கினால் புங்கனுக்கு உரம்.

புது வீடு கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1,000 சதுர அடிக்குச் சுமார் 400 மூட்டை சிமென்ட், நான்கு டன் கம்பி என்பது மேஸ்திரிகள் போடும் கணக்கு. இரண்டும் சேர்ந்தால் 20 டன் கரியமில வாயுவைத் தொடும். குடிபோவதற்கு முன்பே எட்டு வருட வாழ்க்கையின் கணக்கு ஏறிவிடுகிறது. நன்றாக இருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டு 'பசுமை வீடு' கட்டுவது வேடிக்கைதான். கட்டியே ஆகவேண்டும் என்றால், சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட், கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற செங்கல் சுவர் முறை, ஆரோவில்லில் 5 சதவீத அளவு சிமென்ட் மட்டும் சேர்த்து அழுத்திச் செய்யும் மண்கல் என்று வழிகள் இருக்கின்றன. எலிப்பொறிக் கட்டில் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் செங்கல் கால்வாசி மிச்சம், சுவரும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேற்குச் சுவரை மட்டுமாவது அப்படிக் கட்டலாம். "நிற்குமா?" என்று கொத்தனார் தலையைச் சொறிவார். பழகிய ஆளை ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டச் செய்தால் பிடித்துக்கொள்வார்.

வாடகை வீடு

நகரத்தில் பலருக்கு இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எட்டாது, ஏனென்றால் வீடு அவர்களுடையது இல்லை. வெயிலில் வேகிறவர் வாடகைக்காரர், கரன்ட் பில் கட்டுகிறவரும் அவரே. தளத்துக்கு வெள்ளை அடிக்க வேண்டியவர் வீட்டுக்காரர், அவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட லாபமில்லை. அடுக்குமாடியில் இன்னும் சிக்கல். மேல்தளத்து நான்கு வீட்டுக்காகச் சங்கப் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும் என்று முதல் மாடிக்காரர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பணத்தை மேல்தளத்தாரே போட்டுக்கொள்கிறோம், அனுமதி மட்டும் கொடுங்கள் என்று போனால் பெரும்பாலும் காரியம் நடக்கும். கூலிங் பூச்சு நீர்க்கசிவையும் ஓரளவு தடுக்கும் என்று சொன்னால் சங்கமே பாதியைப் போடவும் கூடும், கசிவு என்றால் எல்லோருக்கும் பயம்.

தனி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் பிஎல்டிசி ஃபேனைச் சொந்தமாக வாங்கி மாட்டலாம், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப்போய்விடலாம். மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ நிழல்வலையோ கட்டலாம். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கும், வெளியே தட்டி போட்டால் வரும் முன்பே தடுக்கும். சுண்ணாம்புக்கு வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். செலவை நான் செய்கிறேன், ஒரு மாத வாடகையில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சுக்குச் சம்மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தை, மாசியிலேயே கேட்டுவிடுவது நல்லது. சித்திரையில் வெள்ளை அடிக்க ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் காலை ஒன்பது மணிக்குமேல் தளத்தில் நிற்க மாட்டார்.